பழைய எம்எக்ஸ்-5 காரில் சத்தமா? ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையைப் பற்றியது இந்தப் பக்கம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான, இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரையை மடித்துவைக்கக்கூடிய வண்டி. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானில் சில காலம் ஓடிவிட்டுக் கப்பலேறி பிரிட்டனுக்கு வந்த யூனோஸ்கள் ஏராளம். இங்கிலாந்தில் நான் வைத்திருப்பதும் அப்படி வந்த ஒன்றுதான். இவற்றில் கடைசியாகச் செய்யப்பட்டதற்கே இன்று இருபத்தைந்து வயதுக்கு மேல். எஞ்சின் அலுக்காமல் ஓடும். ஆனால் ரப்பருக்கும் கிரீஸுக்கும் அந்த ஆயுள் கிடையாது. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சத்தங்களைப் பற்றியவையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சத்தம் கேட்கிறது. முதலில் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். நினைத்த நேரத்தில் அந்தச் சத்தத்தை வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவரை பாகம் வாங்குவது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான்.

பலரும் "டக் என்று கேட்கிறது", "டொக் என்று கேட்கிறது" என்று சத்தத்தின் குரலை வருணிக்கிறார்கள். ஒருவர் காதுக்கு டக், இன்னொருவர் காதுக்கு டொக். அதைவிட எப்போது கேட்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதா, இரண்டும் சேர்ந்து ஏறும்போதா? பிரேக்கைத் தொட்டால் மாறுகிறதா? காலைக் குளிரில் மட்டுமா, அரை மணி நேரம் ஓடிய பிறகுமா? இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று: ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஆளில்லாத நேரான சாலையில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் அது சஸ்பென்ஷன் விவகாரமே இல்லை. சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத்தகடு தளர்ந்து அதிர்வதாக இருக்கும். எஞ்சின் அடங்கிய பிறகும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்தே சத்தம் வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

காது சொல்லும் திசையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இரும்பு வழியாகச் சத்தம் ஓடும். வலது முன்சக்கரத்தில் பிறந்த சத்தம் இடது காலடியில் கேட்பது சாதாரணம்.

அடியில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

சக்கர நட்டுகள். 21 மில்லிமீட்டர் சாக்கெட், டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), 90 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை. அண்மையில் டயர் மாற்றிய வண்டியில் டக்கென்ற சத்தம் புதிதாகத் தொடங்கியிருந்தால் இதைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது.

வண்டியைத் தூக்கும்போது முன்பக்கம் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்பக்கம் டிஃபரென்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டியின்) அடியிலும் ஜாக்கி வைக்கலாம். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். கைப்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய மறுநொடி அது பயனற்றது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறக்க வேண்டாம்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் முன்பக்கம் டக் டக் என்கிறது. வேகத்தடையில் மட்டும் சத்தமே இல்லை. ஏன்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆன்டி ரோல் பார் என்ற வளைந்த கம்பி இடது வலது சக்கரங்களை இணைக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறுவதால் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை, சும்மா சுழன்று கொடுக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினாலோ, வீட்டு வாசலின் சரிவில் வண்டியைக் கோணலாக ஏற்றினாலோதான் கம்பி முறுக்கப்படும். கம்பியின் நுனியைச் சஸ்பென்ஷன் கையோடு (சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கரத்தோடு) இணைக்கும் சிறிய லிங்க் தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில் தட்டும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்கை ஆட்டிப் பார்ப்பார்கள். ஆடாது. ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் நிற்கும்போது கம்பி முறுக்கேறி லிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். தேய்மானம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் தூக்குங்கள், அல்லது சரிவுப் பலகைமேல் ஏற்றி நான்கு சக்கரங்களும் பாரம் தாங்கும் நிலையில் ஆட்டிப் பாருங்கள்.

அதைவிடத் தெளிவான சோதனை, இரண்டு பக்க லிங்குகளையும் கழற்றிக் கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, வீட்டைச் சுற்றி ஒரு சுற்று மெதுவாக ஓட்டுவது. வண்டி திருப்பங்களில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். சத்தம் போய்விட்டால் குற்றவாளி கையில் இருக்கிறான். ஒரு பக்கம் மட்டும் கழற்றிச் சோதிக்காதீர்கள். தொங்கும் நுனி தானே தட்டிக் குழப்பும்.

லிங்க் நல்லதாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு. முக்கியமாக, யாரோ புது ஷாக் போட்ட வண்டி என்றால். வாஷர், ரப்பர், ஸ்பேசர் ஆகியவற்றின் வரிசை மாறிப்போனால் நட்டு இறுகியதுபோல் தோன்றும், ஆனால் ரப்பரை அழுத்தியிருக்காது. ஒருவர் காரின் மூலையை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் பானெட்டைத் திறந்து அந்த நட்டின்மேல் விரல் வையுங்கள். காது சந்தேகப்படுவதை விரல்நுனி உறுதி செய்யும்.

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கிறீச்சென்று முனகுகிறது. மேல் பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இல்லாத பாகத்தை எப்படி மாற்றுவது?

என்னிடமும் ஒரு பணிமனையில் இதையேதான் சொன்னார்கள். விலைப்பட்டியல்கூடத் தயாராக இருந்தது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. அதில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து சுழலும். அதற்காக உச்சியில் ஒரு பேரிங் இருக்கும். அது துருப்பிடித்தால் முனகும். எம்எக்ஸ்-5 காரில் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவே சக்கரத்தைத் தாங்கும் தூண். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது திரும்புவது அந்தத் தூண் மட்டுமே. ஸ்பிரிங் இருந்த இடத்தில் இருக்கும். உச்சியில் பேரிங் என்று ஒன்று கிடையாது. பணிமனைக்காரர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, முனகுவது எது? அநேகமாக ஒரு பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் உருளும் உருண்டை மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீரும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே போய், கிரீஸ் வெளியேறி, இரும்பு இரும்போடு உரசுகிறது. பக்கத்துக்கு மூன்று மூட்டுகள் உள்ளன: மேல் பால் ஜாயிண்ட், கீழ் பால் ஜாயிண்ட், டை ராட் முனை (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டின் நுனி). கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மெதுவாக அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரல்நுனியை வையுங்கள். சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் கைக்கும் நடுவே விரல் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள். நல்ல மூட்டு வெண்ணெய் போல் நகரும். காய்ந்த மூட்டு, மணல் கலந்த மாவைப் பிசைவதுபோல் நறநறவென்று விரலுக்குத் தெரியும்.

இன்னும் சந்தேகமென்றால், கிழிந்த உறைக்குள் ஊசிக்குழல் வழியாகக் கொஞ்சம் கிரீஸ் செலுத்துங்கள். முனகல் உடனே நின்றுவிட்டால் அந்த மூட்டுதான். நின்றுவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். கிரீஸ் சத்தத்தை மறைக்கும். தேய்ந்த உலோகத்தை வளர்க்காது. கீழ் ஜாயிண்ட்டைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மேல் ஜாயிண்ட், மஸ்தா விற்கும் முறையில், மேல் கையோடு சேர்ந்தே வரும். செலவு அங்கேதான் கூடுகிறது.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது என்கிறார்களே, எப்படி ஆட்டுவது?

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் முனை, அல்லது ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல்சட்டமான ராக்கின் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் உள்மூட்டு.

கீழ் பால் ஜாயிண்ட்டுக்குத் தனிச் சோதனை தேவை. ஸ்பிரிங் இந்த வண்டியில் கீழ்க் கையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் அந்தக் கையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், மூட்டு இறுகியே நிற்கும். ஜாக்கியைக் கீழ்க் கையின் வெளி நுனியில், மூட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்குங்கள். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை விட்டு நெம்பினால் தேய்மானம் அப்போதுதான் வெளிப்படும்.

40 மைல் வேகத்துக்கு மேல் ஊம் என்று ஓர் இரைச்சல். பேரிங்கா, டயரா?

சாலையைக் கவனியுங்கள். தார் மாறும்போது இரைச்சலின் குரலும் மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே குரல் என்றால் பேரிங்.

எந்தப் பக்கத்துப் பேரிங் என்பதற்கு நீண்ட வளைவு வேண்டும். இடதுபக்கம் வளையும்போது பாரம் வலதுபக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலது பேரிங், குறைந்தால் இடது. முன் பேரிங் ஹப்போடு (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியோடு) சேர்ந்த ஒரே உருப்படி. கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கிச் சரிப்படுத்தும் பழைய வித்தை இங்கே செல்லாது.

கல் பாவிய தெருவில் ஸ்டீயரிங் கையிலேயே கடகடவென்று அதிர்கிறது.

சத்தம் கையில் உணரப்பட்டால் ராக் அல்லது ஸ்டீயரிங் தண்டு. முதலில் தண்டிலுள்ள மூட்டையும் அதை இறுக்கும் போல்ட்டையும் பாருங்கள். பிறகு ராக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர்களையும் அவற்றின் போல்ட்டுகளையும். இவை சரியென்றால்தான் ராக்கின் உள்தேய்மானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ராக்கின் முதுகில் திருகி இறுக்கக்கூடிய ஒரு மூடி உண்டு. அதை இறுக்கினால் கடகடப்பு அடங்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அடங்கும்தான். ஆனால் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவைவிடக் கூடுதலாக ஒருமுறைக்குத் திருகாதீர்கள். நேராகப் போகும் நிலையில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே சரியாக இறுக்கினால், தேயாத ஓரங்களில் ராக் பிடித்துக்கொள்ளும். திருப்பம் முடிந்து கையை விட்டதும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். உடனே தளர்த்துங்கள்.

பவர் ஸ்டீயரிங் முழுவதும் ஒடித்தால் ஊளையிடுகிறது.

கடைசிவரை ஒடித்த நிலையில் மட்டும் என்றால் கவலை வேண்டாம், அங்கேயே பிடித்து வைக்காமல் சற்று விடுங்கள். எல்லா நிலையிலும் ஊளை என்றால் எண்ணெய் குறைவு, அல்லது அதில் காற்று. எம்எக்ஸ்-5 இதற்குப் பயன்படுத்துவது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய். குளிரில் கீச்சென்று கத்தினால் பெல்ட். பவர் இல்லாத ராக் உள்ள வண்டி என்றால் இந்தக் கேள்வியே உங்களுக்கு இல்லை, அதிர்ஷ்டசாலி.

பெரிய பள்ளத்தில் டொம்மென்று முதுகுத்தண்டுவரை இடிக்கிறது.

ஷாக் அப்சார்பரின் தண்டில் கோத்திருக்கும் நுரை ரப்பரைப் பாருங்கள். அநேகமாக அங்கே ரப்பர் இருக்காது. தூசிமூடிக்குள் மஞ்சள் தூளாகக் கொட்டியிருக்கும். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் மேலெழும்ப இடம் குறைவு. வேகமாக ஓட்டும்போது அந்த நுரையில் அடிக்கடி சாயும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் இருக்கும் இடமும் போய்விடும். தாழ்வாக நின்றால் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

எல்லாப் புஷ்களையும் புதிதாக மாற்றினேன். இப்போது முன்பைவிட மோசமாகக் கீச்சிடுகிறது!

சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் இருக்கும் உருளைகள்தான் புஷ்கள். என் சொந்த வருத்தம் இது. மிகுந்த செலவில் புது ரப்பர் புஷ் போட்டு எடுத்து வந்தேன். ஓராண்டுக்குள் கீச், அப்புறம் டக், அப்புறம் புஷ் கிழிந்து கைக்கு வந்தது. வேலை செய்தவர், வண்டி லிஃப்டில் நிற்க, சக்கரங்கள் தொங்க, எல்லாப் போல்ட்டுகளையும் முழுமூச்சாக இறுக்கியிருக்கிறார்.

ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அன்று. அதன் உள்குழாய் போல்ட்டால் அசையாமல் பிடிக்கப்படும். வெளிக்குழாய் கையோடு நகரும். நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கியதும், நிற்கும்போதே அது முறுக்கேறி இருக்கும். ஓடும்போது கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரங்களின்மேல் நிறுத்தி, ஒருமுறை உருட்டிவிட்டு, அதற்குப் பிறகே இறுதி இறுக்கம்.

பாலியூரிதேன் புஷ் வேறு சாதி. அது போல்ட்டைச் சுற்றி உண்மையாகவே சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் கத்தும். சிலிகோன் கிரீஸ் போடுங்கள். வீட்டில் கிடக்கும் சாதாரண கிரீஸை எந்தப் புஷ்ஷிலும் தடவ வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

கீழ்க் கைகளின் உள்முனைப் போல்ட்டுகள் மையம் விலகிய தட்டுகள் கொண்டவை. வீல் அலைன்மெண்ட்டைச் சரிசெய்வதே அவற்றால்தான். தொடுவதற்கு முன் பெயின்ட்டால் கோடு போட்டு நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் பார்க்கக் கொண்டுபோங்கள். பின்சக்கரத் தூணின் அடியில் குறுக்கே போகும் நீண்ட போல்ட் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து உப்பில் அது குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு எண்ணெய் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரம்பம்தான். புது போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைக்காமல் சனிக்கிழமை மாலை அந்த வேலையில் இறங்கியவர்கள் திங்களன்று பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். நானும் அதில் ஒருவன்.

பின்பக்கம் டக். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும்.

இது சஸ்பென்ஷனைவிட எஞ்சின் விசை போகும் பாதையின் சத்தம். முன்னால் கிளம்பும்போது ஒரு டிக், ரிவர்ஸில் கிளம்பும்போது ஒரு டிக், நடுவில் மௌனம் என்றால் பின் ஹப்பின் பெரிய நட்டு தளர்ந்திருக்கலாம். கனமான டொக் என்றால் டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர்கள். கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் முதுகெலும்பு போல இணைக்கும் அலுமினியச் சட்டம் ஒன்று இந்த வண்டியின் தனிச்சிறப்பு; அதன் போல்ட்டுகளையும் பார்த்துவிடுங்கள்.

பிரேக்கை லேசாகத் தொட்டாலே கடகடப்பு நின்றுவிடுகிறது.

பிரேக் பேட் தன் கூட்டில் ஆடுகிறது. தகட்டுக் கிளிப்புகள் இருக்கின்றனவா, பேடை அழுத்தும் காலிப்பரின் வழிகாட்டு ஊசியில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

சத்தத்தோடு எத்தனை நாள் ஓட்டலாம்?

லிங்க், ஷாக் நட்டு, ஆன்டி ரோல் பார் ரப்பர் என்றால் பாகம் வரும்வரை நிதானமாக ஓட்டலாம். பால் ஜாயிண்ட்டிலோ டை ராடிலோ கையால் ஆட்டினாலே தெரியும் ஆட்டம் இருந்தால் ஓட்டக் கூடாது. கீழ் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்க பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் இந்த ஆட்டங்களைப் பார்ப்பார்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உடலைப் பலவீனமாக்கும் துரு இருந்தாலும் வண்டி தோற்கும். 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. முதலில் வந்த எம்எக்ஸ்-5கள் 2029-இல் அந்த வயதை எட்டும். அப்போதும் நான் காசு கொடுத்துச் சோதித்துக்கொள்வேன்.

எல்லாம் பார்த்தாயிற்று. சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, உதிரிச் சக்கரம், ஸ்பேனர் பை எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். பேட்டரியும் பின்பெட்டியில்தான் இருக்கிறது. அதன் பிடிப்புக் கம்பியை இறுக்குங்கள். பாதி இறக்கிய கதவுக் கண்ணாடி தன் தடத்தில் தட்டும், முழுவதும் ஏற்றிப் பாருங்கள். கூரைக் கொக்கி, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், எழும்பும் முகப்பு விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்து விலக்குங்கள்.

என் வண்டியில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. மழை நாளில், இடதுபுறம் திரும்பும்போது, கூரை மூடியிருந்தால் மட்டும் ஒரு டிக். கூரையைத் திறந்தால் கேட்பதில்லை. ஆனால் மழையில் கூரையைத் திறந்து ஓட்டவும் முடியவில்லை.